அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி

கணினித் திரையில் என் கழுத்தெலும்புகள் பக்கவாட்டில் தெரிந்தன. மருத்துவர் பேனா மூடியால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இங்க பாருங்க. மேல் லெவல் நல்லா ஜாயின் ஆயிடுச்சு. கீழ இந்தக் கறுப்புக் கோடு தெரியுதில்ல? அது இருக்கக் கூடாது. எலும்பு அங்க சேரல.”

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவர்தான் என் கழுத்தை முன்புறமாகத் திறந்து, எலும்புகளுக்கிடையே பிதுங்கியிருந்த இரண்டு வட்டுகளை அகற்றி, மூன்று எலும்புகளைத் தகடும் திருகும் வைத்து இணைத்தவர். உலோகம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே எலும்பு வளர்ந்து எலும்போடு ஒட்டிவிட வேண்டும். அது உடம்பின் பொறுப்பு. என் உடம்பு அதில் பாதியைத்தான் நிறைவேற்றியிருந்தது.

“இது யாரோட தப்பு டாக்டர்?” என்று கேட்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் நல அலுவலராக இருக்கிறேன். ஏதாவது நடந்துவிட்டால் காரணம் என்னவென்று படிவத்தில் எழுத வேண்டியது என் வேலை.

“தப்புன்னு யாரையும் சொல்ல முடியாதும்மா. சில பேருக்குச் சேர்றதில்ல. ஃபிசியோதெரபி பண்ணீங்கல்ல?”

“பண்ணேன்.”

மறு அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார். இம்முறை பின்புறத்திலிருந்து, தசையை விலக்கி, கம்பிகள் வைத்து. முதலாவதைவிட ஆறுவதற்கு நாளாகும். கைகளில் பலம் இருக்கிறது, நடை சரியாக இருக்கிறது, ஆகவே அவசரம் ஏதுமில்லை. “வலிக்காக மட்டும்தான் பண்றோம். குறையலாம், குறையாமலும் போகலாம். நம்பர் சொல்லி உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன்” என்றார். வெளியே வரவேற்பில் இருந்த பெண் அடுத்த மாதத்தில் ஒரு தேதியை எனக்காகக் குறித்துவைத்துக்கொண்டு, சனிக்கிழமைக்குள் உறுதி செய்யச் சொன்னாள். அன்று செவ்வாய்க்கிழமை.

மருத்துவமனை காட்டுப்பாக்கத்துக்கு அப்பால். ஆட்டோவில் திரும்பினேன். வானகரத்திலிருந்து அம்பத்தூருக்குத் திரும்பும் சாலையில் ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்பும் இரு கைகளாலும் தாடையைத் தாங்கிக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“இன்னாமா, பல்லு வலியா?”

“கழுத்து. கொஞ்சம் மெதுவாப் போங்களேன்.”

“நான் மெதுவாத்தாம்மா போறேன். பள்ளந்தான் ஸ்பீடா வருது.”

சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் இடமும் அதுவே. இடப்பக்கம் சாய்ந்து பார்த்தேன், பையை மடியிலிருந்து கீழே வைத்தேன், மறுபடி மடியில் வைத்தேன். ஒன்றரை ஆண்டாக என் நாட்கள் இப்படித்தான் கழிகின்றன. உட்கார்ந்தால் எழவேண்டும் போலிருக்கும். நின்றால் சாய ஒரு சுவர் வேண்டும். படுத்தால் தலையணையை மடித்து, பிரித்து, துண்டைச் சுருட்டி வைத்து, கடைசியில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என்னைக் கூர்ந்து பார்க்கிறவர்கள், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவள் என்று எண்ணக்கூடும்.

ஆனால் கூர்ந்து பார்க்க யாரையும் நான் விட்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்து குடியேறியவர்கள். வந்த முதல் வாரமே ஒரு சபையில் சேர்ந்துவிட்டோம். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. தேர்வில் தேறியவர், வேலை கிடைத்தவர், நோய் நீங்கியவர் எழுந்து முன்னால் போய், மைக்கைப் பிடித்து, நடந்ததைச் சொல்லிக் கர்த்தருக்கு நன்றி செலுத்துவார்கள். எனக்காக அந்தச் சபை, ஒருவர் மாற்றி ஒருவராக, நாற்பது நாள் சங்கிலி ஜெபம் செய்திருந்தது. நான் மருத்துவமனையில் இருந்த வாரம் முழுவதும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து என் கணவருக்குச் சோறு வந்தது. அறுவை சிகிச்சைக்கு முன் என் வலது கையில் தோளிலிருந்து விரல்நுனிவரை மின்சாரம் பாய்வது போன்ற வலி இருந்தது. மயக்கம் தெளிந்தபோது அது இல்லை. ஏழாவது வாரம், மருத்துவர் கழுத்துப்பட்டையை எடுத்துவிடலாம் என்று சொன்ன பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் முன்னால் போனேன்.

கை வலி போய்விட்டது என்று சொன்னேன். அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் ‘ஸ்தோத்திரம்’ என்றது. அந்தக் குரல் என்னை அடுத்த வாக்கியத்துக்குத் தூக்கிச் சென்றது. “என் கழுத்தைக் கர்த்தர் பூரண சுகமாக்கிவிட்டார்” என்றேன். கழுத்துப்பட்டையின் ஒட்டுப்பட்டியைப் பிரித்து, கழற்றி, உயர்த்திக் காட்டினேன். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன். அதில் நடிப்பு எதுவும் இருக்கவில்லை.

மூன்றாவது மாதத்தில் கழுத்தின் அடிப்பகுதியில் ஒரு புது வலி தொடங்கியது. ஆரம்பத்தில் கூடுதலாகத் தட்டச்சு செய்ததால் என்று நினைத்தேன். பிறகு எதையும் நினைக்காமல் மறைக்கத் தொடங்கினேன். கழுத்துப்பட்டையை வீட்டில் மட்டும் அணிந்தேன். சபையில் கடைசி பெஞ்சில் சுவரோரம் இடம்பிடித்தேன். பாடல்களுக்கு எழும்போது முன் பெஞ்சின் முதுகைப் பற்றிக்கொண்டேன். ஜெபக் குறிப்புச் சீட்டு ஒவ்வொரு வாரமும் கைமாறி வரும். அதில் கணவரின் பதவி உயர்வு, அத்தையின் சர்க்கரை நோய் எல்லாவற்றையும் எழுதினேன். என் கழுத்தை எழுத முடியவில்லை. அது ஏற்கெனவே சுகமாகிவிட்ட கழுத்து.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அந்த வாரம் புதன்கிழமை மாலை, சபையைச் சேர்ந்த ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். கள்ளிக்குப்பத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். என் ரவிக்கைகளெல்லாம் அவர் தைத்தவை.

“அக்கா, சந்தோசமான விசயம் ஒண்ணு. நானும் பண்ணிக்கப் போறேன்கா.”

“என்னது?”

“கழுத்து ஆபரேசன். எட்டு மாசமா டாக்டரு சொல்லிகினேதான் கீறாரு. பயமா இருந்துச்சு. அப்பால உங்க சாட்சி ஞாபகம் வந்துச்சு. காலரைக் கயட்டிக் காட்டினீங்களே, அது அப்டியே கண்ணுலயே நிக்குது. எங்க ஊட்டுக்காரரு வேணாம்னு ஒரே பிடிவாதம். உங்க பேரச் சொல்லித்தான் சண்ட போட்டு ஒத்துக்க வச்சேன்.”

அவரது மருத்துவமனை வேறு, மருத்துவர் வேறு. நான் வாழ்த்துச் சொன்னேனா, என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தொலைபேசியை வைத்த பிறகு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன்.

கணவர் ஆவடியில் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் மின்பணியாளர். அன்று அவர் வேலை முடிந்து வந்தபோது, சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் மறு அறுவை சிகிச்சை செய்துகொண்டால் என்ன நேரும். வலப்பக்கம் செய்துகொள்ளாவிட்டால் என்ன நேரும். செய்துகொண்டால், முதலாவது பலிக்கவில்லை என்று சபைக்குத் தெரிந்துவிடக்கூடும். என் சாட்சியை நம்பியவர்களின் விசுவாசம் தளரும். தையல்காரப் பெண் பயந்து தன் சிகிச்சையை நிறுத்திவிடுவார். செய்துகொள்ளாவிட்டால் என் மௌனம் தொடரும். அவர் பொய்யான நம்பிக்கையோடு அறுவை மேசையில் படுப்பார். செய்துகொண்டு முழுக்கச் சரியாகிவிட்டால், நான் சொன்னது கொஞ்சம் தாமதமாகவேனும் உண்மையாகிவிடும். இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தேன்.

கணவர் சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடியே படித்தார்.

“இதுல உன் கழுத்து எங்கட்டி இருக்கு?”

“எல்லாமே கழுத்தைப் பத்தித்தானே.”

“சபை இருக்கு. ஆபீஸ் இருக்கு. தையக்காரம்மா இருக்கா. நான்கூட ரெண்டு எடத்துல இருக்கேன். கழுத்தைக் காணல.” தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். “பின்னாடியும் இல்ல.”

“கிண்டல் பண்ணாதீங்க. ஒருத்தங்க என் பேச்சைக் கேட்டு ஆபரேஷனுக்குப் போறாங்க.”

“சரி, அந்தம்மாட்ட போயிச் சொல்லு. அது ஒரு சோலி. இது வேற சோலி. ரெண்டையும் ஒரே வயர்ல குடுத்தா ஃபியூஸ் போயிரும்லா.”

அவரால் எதையும் அப்படித் தனித்தனி இணைப்பாகப் பார்க்க முடியும். என்னால் முடிவதில்லை. ஒரு செயலின் விளைவு எங்கெல்லாம் போய்ச் சேரும் என்று பார்க்கப் பழக்கிய படிப்பு என்னுடையது. அதை நல்ல பழக்கம் என்றே இதுவரை நம்பி வந்திருந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் போனேன். அவர் தையல் இயந்திரத்தின் முன் இருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடைகள் குவிந்திருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

“இன்னாக்கா, நாற்காலில ஆணி கீதா? வந்ததுலேந்து மூணு தபா எந்திரிச்சிட்டீங்க.”

“வலிக்குது. ஒரே இடத்துல உக்கார முடியல.”

“எங்க வலிக்குது?”

“கழுத்து.”

அவர் இயந்திரத்தின் மிதிப்பலகையிலிருந்து காலை எடுத்தார். நான் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: சேராத எலும்பு, மறு அறுவை சிகிச்சைக்குக் குறித்த தேதி, கடைசி பெஞ்சு. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சீருடைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ அன்னிக்கு சபைல பொய்யா சொன்னீங்க?”

“சொன்னப்ப பொய் இல்ல. மூணாம் மாசம் மாறிடுச்சு. மாறினதைச் சொல்லல.”

“எத்தினி நாளா?”

“ஒன்றரை வருஷமா.”

“ஐயே!” என்றார். கத்தரிக்கோலை எடுத்து, எதையும் வெட்டாமல், கீழே வைத்தார். “போன கிறிஸ்மஸுக்கு ஜாக்கெட் அளவெடுக்கசொல்ல எடது தோளு ஒரு வெரக்கட மேல ஏறிகீதேன்னு பாத்தேன். ஆபரேசன் பண்ணவங்கோ அப்டித்தான் இருப்பாங்கன்னு நெனச்சிகினேன். இப்போ நான் எங்க ஊட்டுக்காரருகிட்ட இன்னா சொல்றது? அவரு ஒரு வாரத்துக்கு இதையே பாட்டா பாடுவாரு.”

“உங்க ஆபரேஷனை நிறுத்தணும்னு சொல்ல நான் வரல.” இதைத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். “உங்க டாக்டர் என்ன சொன்னாரு? கைல பலம் குறையுதுன்னு சொன்னாரா?”

“ஊசில நூலு கோக்க முடில. பட்டனு நழுவுது. நடக்கசொல்ல காலு தடுக்குது. இதுக்குமேல தள்ளிப் போட்டா கையி திரும்பி வராதுன்னாரு.”

“அப்போ உங்களோடது வேற, என்னோடது வேற. எனக்கு இப்போ வலி மட்டும்தான். நான் தள்ளிப் போடலாம். நீங்க தள்ளிப் போடாதீங்க.”

அவர் தன் வலது கையை விரித்து, மடக்கிப் பார்த்தார். பிறகு என் கையைச் சுட்டினார்.

“உங்களுக்குக் கையி வலி இருந்துச்சே? அது இன்னா ஆச்சி?”

“அது போயிடுச்சு. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல.”

“அத மட்டும் சொல்லிட்டு எறங்கியிருக்கலாமில்ல? இன்னாத்துக்குக் கழுத்தையும் சேத்து எடுத்து உட்டீங்க?”

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நாற்பது நாள் ஜெபித்தவர்களிடம் பாதிச் சுகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்தார். உள்ளே போய் இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டு வந்தார். அவர் கையிலிருந்த டம்ளர் ஆடி, சாசரில் சிந்தியது.

“ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அந்த ரெண்டாவது ஆபரேசன் வலிக்கா, இல்ல சபைல உட்ட வார்த்தைக்கா?”

கோபம் வந்தது. வலிக்காகத்தான் என்று சட்டென்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் என்னோடு பேருந்து நிறுத்தம்வரை வந்தது.

“ஆஸ்பத்திரிக்கு நீங்க கூட வரணும்” என்று வாசலில் நின்று சொன்னார். “நான் கேக்க மறந்தத நீங்க கேக்கணும். சும்மா ஜெபம் மட்டும் பண்ணிட்டுத் தப்பிச்சிக்க முடியாது.”

வருகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் மாதாந்தரப் பாதுகாப்புக் கூட்டம். தொழிலாளர்களிடம் ஒவ்வொரு மாதமும் ஒரே செய்தியைச் சொல்கிறேன்: வலி சிறியதாக இருக்கும்போதே சொல்லுங்கள், அப்போது வேலையை மாற்றிக் கொடுக்கலாம், உயரத்தைச் சரிசெய்யலாம், ஓய்வு கொடுக்கலாம், மறைத்துவைத்தால் கடைசியில் பெரிய வைத்தியம் ஒன்றுதான் மிஞ்சும். அன்றும் சொன்னேன். சொல்லி முடித்து, மேடையிலிருந்த மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இந்த விதி இந்தக் கூடத்திலிருந்த ஒருவருக்கு மட்டும் பொருந்தாது என்று நான் எப்படி நினைத்தேன் என்று தெரியவில்லை.

என் இருக்கைக்குத் திரும்பி ஒரு புதிய தாளை எடுத்தேன். இம்முறை வேறு யாரையும் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். வலிக்காக இதுவரை என்ன செய்திருக்கிறேன்? ஃபிசியோதெரபிக்கு நான்கு நாள் போனேன். அந்த நிலையம் சபைத் தெருவிலேயே இருக்கிறது. ஐந்தாம் நாள் வாசலில் சபையார் இருவரைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். வேறு நிலையம் தேடவில்லை. மருத்துவரிடம் ‘பண்ணேன்’ என்று சொன்னது அந்த நான்கு நாளைத்தான். அலுவலகத்தில் கணினித் திரையை உயர்த்தித் தரும்படியோ, நின்று வேலை செய்ய ஒரு மேசை தரும்படியோ கேட்கவில்லை; கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், சபையார் ஒருவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறார். எழுதிய வரிகள் ஏழு. ஏழிலும் ‘செய்யவில்லை’ என்றே இருந்தது. சுகமாகிவிட்டேன் என்பதற்கும் கத்திக்குக் கீழே படுப்பதற்கும் நடுவில் இருந்த எல்லாவற்றையும் நானே மூடிவைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் செய்துவிடக்கூடிய வைத்தியம் என்பதால்தான் அறுவை சிகிச்சை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. உடல்நலக்குறைவு, ஊருக்குப் போகிறேன் என்று ஏதேனும் சொல்லி, ஒரே மூச்சில் முடித்துவிட்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு திரும்பியிருக்கலாம்.

மருத்துவரைத் தொலைபேசியில் பிடிப்பதற்கு மாலையாயிற்று. ஃபிசியோதெரபி நான்கு நாள்தான் என்று சொன்னேன்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா நான் டேட்டே குடுத்திருக்க மாட்டேனேம்மா. மூணு மாசம் ஒழுங்காப் பண்ணுங்க. கை மரத்துப் போனாலோ, பலம் குறைஞ்சாலோ உடனே வாங்க, அப்போ யோசிக்கவே கூடாது. இல்லன்னா மூணு மாசம் கழிச்சு மறுபடி பேசலாம். ஆனா ஃபிசியோ பண்ணா எலும்பு சேந்துடும்னு நினைக்காதீங்க. அந்தக் கோடு அங்கதான் இருக்கும்.”

“வலி?”

“பாக்கலாம்.”

‘பாக்கலாம்’ என்ற சொல்லோடு மூன்று மாதம் வாழ வேண்டும். அதற்கு என் சுபாவத்தில் இடமில்லை. ஆனாலும் மறு அறுவை சிகிச்சையை இப்போது செய்துகொள்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அடுத்து போதகரை அழைத்தேன். எதையும் விடாமல் கேட்டார். இடையிடையே “ம்... ம்...” என்றார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் பேச வேண்டும் என்றேன்.

“ஜெப விண்ணப்ப நேரத்துல சொல்லுங்களேன்மா. அதுதான் பொருத்தமா இருக்கும். சாட்சி நேரத்துல இந்த மாதிரி... வழக்கமில்ல.”

“ஐயா, நான் அன்னைக்கு மைக்ல சொன்னேன். சீட்டுல எழுதித் திருத்த முடியாது.”

“புதுசா வந்தவங்க ரெண்டு மூணு குடும்பம் இருக்காங்க...”

“அவங்களும் கேக்கட்டும் ஐயா. கை வலி போனதையும் மறுபடி சொல்வேன். அதை நான் மாத்தப் போறதில்ல.”

அவர் நீண்ட மூச்சு விட்டார். “மூணு நிமிஷத்துக்குள்ள முடிச்சிடுங்க” என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவமனைப் பெண் அழைத்தாள். நான் கழுத்துப்பட்டை அணிந்தபடி பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தேன். கணவர் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், அந்த டேட் கன்ஃபார்ம் பண்ணிடலாமா?”

“வேண்டாம்மா. கேன்சல் பண்ணிடுங்க. டாக்டர்கிட்டப் பேசிட்டேன்.”

“ஓகே மேடம். ரீசன் என்னன்னு போடட்டும்? சிஸ்டம்ல கேக்குது.”

“இப்போதைக்கு வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கேன்.”

“அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மேடம். வேற ஹாஸ்பிட்டல், இன்ஷூரன்ஸ் வரல, வெளியூர் போயிட்டாங்க, வலி குறைஞ்சிடுச்சு... இவ்வளவுதான் இருக்கு. ‘வலி குறைஞ்சிடுச்சு’ன்னு போட்டுடட்டுமா? எல்லாருக்கும் அதான் போடுவோம்.”

“இல்லம்மா. குறையல. அதைப் போடாதீங்க.”

“சும்மா என்ட்ரிக்குத்தான் மேடம். யாரும் பாக்க மாட்டாங்க.”

“பரவாயில்ல. வலி இருக்கு.”

அவள் பக்கத்திலிருந்த யாரிடமோ கேட்டாள். விசைகள் தட்டும் ஓசை வந்தது. நான் வலக்காலிலிருந்து இடக்காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

“மேடம், காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது. சீனியர் மதியம் வருவாங்க, கேட்டுட்டு மறுபடி கூப்பிடறேன்.”

“கூப்பிடுங்கம்மா,” என்றேன். “இங்கதான் இருப்பேன்.”